பதினாறு பேர்ல ஏழாவது ஆளு: சுப்பாராவ் பப்ளிகேஷன் ரெக்கார்டு, ஒரு கேஸ் ஸ்டடி

எங்க பயோகெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட்ல சனிக்கிழமை ஜர்னல் கிளப் நடக்கும், பிஜி பசங்க ஆளுக்கு ஒரு பேப்பர் எடுத்து பேசுவாங்க. இந்த தடவை பேப்பர் குடுக்காம ஒரு ஆராய்ச்சியாளரோட பப்ளிகேஷன் லிஸ்ட்ட குடுத்தேன். முழு லிஸ்ட் இல்ல, முக்கியமானது மட்டும். பேர மறைச்சாச்சு, கூட எழுதுனவங்க பேரையும் மறைச்சாச்சு, வருஷம், ஜர்னல், என்ன விஷயம், மொத்தம் எத்தனை ஆத்தர், அதுல இவர் எத்தனாவது, அவ்வளவுதான். இவருக்கு நம்ம ப்ரமோஷன் ரூல்படி மார்க் போடுங்கன்னு சொன்னேன்.

ரூல் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், மெடிக்கல் காலேஜ்ல வேலை பாக்கறவங்க தூக்கத்துல கேட்டா கூட சொல்வாங்க. நாங்க எடுத்துக்கிட்டது நேஷனல் மெடிக்கல் கமிஷனோட 2022 விதி (2025ல அதுக்கு பதிலா புது விதி வந்துடுச்சு), அதுபடி பேப்பர் ஒரு அங்கீகரிச்ச இன்டெக்ஸ்ல, அதாவது ஜர்னல் பட்டியல்ல, இருக்கணும், நாம முதல் மூணு ஆத்தர்ல ஒருத்தரா இருக்கணும், இல்லன்னா கரஸ்பாண்டிங் ஆத்தரா, அதாவது பேப்பர் பத்தின கடிதத்துக்கு பதில் சொல்ற பொறுப்புள்ள ஆத்தரா இருக்கணும். நாலாவது பேரா இருந்தா ராத்திரி பகலா நீங்கதான் வேலை பாத்திருந்தாலும் கணக்குல வராது.

பசங்க போட்ட கணக்கு இப்படி வந்துச்சு. 1925 ஜர்னல் ஆஃப் பயாலஜிக்கல் கெமிஸ்ட்ரி, ரெண்டு பேர்ல ரெண்டாவது, சரி. 1927 சயின்ஸ், ரெண்டாவது, சரி. 1928 சயின்ஸ், சரி. 1929ல அதே ஜர்னல் ஆஃப் பயாலஜிக்கல் கெமிஸ்ட்ரில ஒண்ணு சயின்ஸ்ல ஒண்ணு, ரெண்டும் சரி. 1939 அமெரிக்கன் கெமிக்கல் சொசைட்டி ஜர்னல், முதல் ஆத்தரே இவர்தான். அப்புறம் 1945 சயின்ஸ், 16 பேர்ல ஏழாவது, கிடையாது. 1947 ஜர்னல் ஆஃப் லேபரட்டரி அண்ட் க்ளினிக்கல் மெடிசின், 6 பேர்ல ஆறாவது, கிடையாது. முடிஞ்சுது. ஒரு பொண்ணு பேனாவ வெச்சுட்டு சொன்னா, "மேடம், ஆரம்பத்துல நல்லா பண்ணிட்டு 1940க்கு அப்புறம் டல் ஆயிட்டார் போல, வேற வேலைக்கு போயிட்டாரா?"

வேற வேலைக்கு போனது உண்மை. டல் ஆனதுதான் பொய். இவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1940ல இருந்து 1948ல சாகற வரைக்கும் அவர் தலைமைல இருந்த லேப்ல இருந்து ஃபோலிக் ஆசிட்ங்கற பி விட்டமினோட சிந்தசிஸ் (செயற்கையா செய்யறது), யானைக்காலுக்கு குடுக்கற டிஇசி மாத்திரை, குழந்தைங்களோட லுகீமியாவுக்கு (ரத்தப் புற்றுநோய்) முதன்முதல்ல வேலை செஞ்ச அமினோப்டெரின், டெட்ராசைக்ளின் குடும்பத்துல மூத்த மருந்தான ஆரியோமைசின் எல்லாம் வந்துச்சு. அதாவது லிஸ்ட் எங்க காலியா தெரியுதோ அங்கதான் வேலை நிறைஞ்சு கிடக்கு. இந்த கேஸ நான் எடுத்ததே அதுக்குதான், ஒவ்வொரு வரியா பாப்போம்.

முதல்ல ஆளு யாருன்னு சுருக்கமா. 1895ல பீமவரத்துல பொறந்தவர், அப்ப அது மெட்ராஸ் பிரசிடென்சி. நம்ம ஊருக்கு வந்து திருவல்லிக்கேணி ஹிந்து ஹைஸ்கூல்ல படிச்சு, மெட்ரிகுலேஷன மூணாவது தடவைல பாஸ் பண்ணி, பீச்சுக்கு எதிர்ல பிரசிடென்சி காலேஜ், அப்புறம் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ். காந்தி சொன்னார்னு கதர்ல சர்ஜரி கோட் போட்டுட்டு போனதுல வெள்ளக்கார ப்ரொஃபசருக்கு கோவம் வந்து எம்பிபிஎஸ் குடுக்காம அதுக்கு கீழ இருந்த எல்எம்எஸ் பட்டம் மட்டும் குடுத்தாங்கன்னு அவரப் பத்தி எழுதுன எல்லாரும் சொல்றாங்க. மெட்ராஸ்லயே லட்சுமிபதி டாக்டரோட ஆயுர்வேத காலேஜ்ல அனாடமி நடத்திட்டு இருந்தார், அப்புறம் 1920கள் தொடக்கத்துல பாஸ்டன் போயிட்டார். அங்க செலவுக்கு ஆஸ்பத்திரில பெட்பான் கழுவுற வேலை. எங்க க்ளாஸ்ல அதே மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல (எம்எம்சி) எம்பிபிஎஸ் முடிச்ச பொண்ணு ஒருத்தி இருக்கா, அந்த செங்கல் கலர் அனாடமி கட்டடத்துல டிசெக்ஷன் பண்ணவ, "எல்எம்எஸ் வெச்சு இப்ப டியூட்டர் போஸ்ட் கூட தரமாட்டாங்களே மேடம்"னா. ஆமா, தரமாட்டாங்க.

இப்ப 1925 பேப்பர். பாஸ்பரஸ கலர் வெச்சு அளக்கற முறை, ஃபிஸ்கே அண்ட் சுப்பாராவ். எம்பிபிஎஸ் ஃபர்ஸ்ட் இயர் பயோகெமிஸ்ட்ரி ப்ராக்டிக்கல் பண்ணவங்க பேர மறந்திருப்பாங்க, நீலக்கலர மறந்திருக்க மாட்டாங்க. சீரம்ல இருக்கற பாஸ்பேட் அமில மாலிப்டேட்டோட சேர்ந்து பாஸ்போமாலிப்டேட் ஆகும், அதுல அமினோநாஃப்தால் சல்ஃபோனிக் ஆசிட் போட்டா ரெட்யூஸ் ஆகி நீலமா வரும், நீலம் எவ்வளவு அடர்த்தியோ பாஸ்பரஸ் அவ்வளவு. அதுக்கு முன்னாடி ஹைட்ரோகுவினோன் போட்டு பண்ணிட்டு இருந்தாங்க, அது மெதுவா வரும், ரத்தத்துல இருக்கற மத்த சமாச்சாரமும் குறுக்க வரும். இவங்க அந்த ரெட்யூசிங் ஏஜென்ட மாத்துனாங்க, அவ்வளவுதான் விஷயம், ஆனா அந்த ஜர்னல் வரலாற்றுலயே அதிகமா சைட் ஆன, அதாவது மத்தவங்க மேற்கோள் காட்டுன பேப்பர்கள்ல இது ஒண்ணு.

ரெண்டு ஆத்தர்ல ரெண்டாவதுன்னு இருக்கே, அப்ப ஃபிஸ்கேதான் முக்கியமானவரா? லிஸ்ட்ட மட்டும் வெச்சு சொல்ல முடியாது. சைரஸ் ஃபிஸ்கே ப்ரொஃபசர், இவர் ஜூனியர், சீனியாரிட்டிபடி பாத்தாலும் ஃபிஸ்கே முதல்ல வருவார். இங்கிலீஷ் அகரவரிசைபடி பாத்தாலும் எஃப் முதல்ல எஸ் அப்புறம். ரெண்டு கணக்கும் ஒரே விடை குடுக்கறப்ப எந்த கணக்க வெச்சு போட்டாங்கன்னு வெளிய இருந்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. பசங்க இத கேட்டுட்டு கொஞ்சம் முழிச்சாங்க, ஏன்னா ஆத்தர் வரிசைன்னா உழைப்பு வரிசைன்னு ஒரு நம்பிக்கை நமக்கு ரத்தத்துலயே ஊறி இருக்கு. உண்மைல அது கல்யாண பத்திரிகைல பேர் போடற மாதிரி, அந்தந்த வீட்டு வழக்கம் தெரியாம வெளியாள் படிச்சா தப்பாதான் படிப்பான்.

1927தான் எனக்கு ரொம்ப பிடிச்ச வரி. இத கொஞ்சம் விரிவா சொல்றேன், பயோகெமிஸ்ட்ரி பிடிக்காதவங்களும் படிங்க. தசைச்சாறு எடுத்து அதே நீலக்கலர் டெஸ்ட் போடறாங்க. சாதா பாஸ்பேட்டா இருந்தா கலர் சட்டுனு வந்து நின்னுடணும். இங்க என்னடான்னா நிக்காம நேரம் ஆக ஆக ஏறிட்டே போகுது. நாம யாராவது பண்ணிருந்தா ரீஏஜென்ட் கெட்டுப்போச்சுன்னு கொட்டிட்டு புதுசா போட்டிருப்போம் (நான் கொட்டிருப்பேன்). இவங்க அதையே பிடிச்சுட்டு உக்காந்தாங்க. தசைல பாஸ்பேட் வேற எதோடயோ ஒட்டிட்டு இருக்கு, ரொம்ப லூசா ஒட்டிருக்கு, அமில மாலிப்டேட்ல போட்டதும் கொஞ்சம் கொஞ்சமா கழண்டு வருது, அதான் கலர் மெல்ல ஏறுது. ஒட்டிட்டு இருந்தது கிரியாட்டின். அதுதான் பாஸ்போகிரியாட்டின். இங்கிலாந்துல எகிள்டன் தம்பதி அதே 1927ல இதே பொருள வேற வழியா பாத்து பாஸ்பஜன்னு பேர் வெச்சாங்க, அதையும் சொல்லணும், இல்லன்னா நாம ஒருபக்கமா கதை சொல்ற மாதிரி ஆயிடும்.

இது ஏன் பெரிய விஷயம்னா அப்ப எல்லாரும் நம்புனது லாக்டிக் ஆசிட்தான் தசைய இயக்குதுன்னு, ஹில்லும் மேயர்ஹாஃபும் தசை வேலைக்காக 1922 நோபல் வாங்கி இருந்தாங்க. பாஸ்போகிரியாட்டின் வந்ததும் அந்த படம் ஆட ஆரம்பிச்சுது, 1930ல லுண்ட்ஸ்கார்ட்ங்கறவர் அயடோஅசிடேட்னு ஒரு கெமிக்கல் போட்டு லாக்டிக் ஆசிட் வர்ற வழிய அடைச்சாலும் தசை சுருங்குதுன்னு காமிச்சதும் அந்த கதை முடிஞ்சுது. அதுக்கு நடுவுல 1929ல ஃபிஸ்கே சுப்பாராவ் சயின்ஸ்ல ஏடிபி, அதாவது செல்லுக்கு சக்தி குடுக்கற மூலக்கூறு பத்தி எழுதறாங்க, அதே வருஷம் ஜெர்மனில லோமான் தனியா ஏடிபிய கண்டுபிடிச்சு போடறார். செல் பயாலஜி புக்க எந்த பக்கம் திறந்தாலும் ஏடிபி வரும். இதெல்லாம் வந்த லேப்ல நம்ம ஆளு இருந்தார், 1930ல பிஎச்டி வாங்குனார், ஆனா ஹார்வர்டுல நிரந்தர இடம் மட்டும் கிடைக்கல.

1930கள்ல லிஸ்ட் ஒரு மாதிரி சிதறிப் போகுது. கல்லீரல் சாறு, ரத்த சோகை, விட்டமின்னு தாவுது. கல்லீரல் சாப்பிட்டா பெர்னிஷியஸ் அனீமியாங்கற கடுமையான ரத்த சோகை சரியாகுதுன்னு காமிச்சதுக்கு 1934ல விப்பிள், மைனாட், மர்ஃபி நோபல் வாங்குனாங்க, அதுல இருக்கற பொருள் எதுன்னு அப்ப ஊரே தேடிட்டு இருந்துச்சு, இவரும் தேடுனார். 1939ல எலிக்கு பான்டோதினிக் ஆசிட்ங்கற பி விட்டமின் தேவைன்னு ஹிட்சிங்ஸ் கூட சேர்ந்து ஒரு பேப்பர். இந்த ஜார்ஜ் ஹிட்சிங்ஸ்தான் பின்னாடி 1988 நோபல் வாங்குனவர். ஃபிஸ்கே பொறாமைல சுப்பாராவோட வேலைய வெளிய விடல, அவர் பிரிச்செடுத்த சில நியூக்ளியோடைட்கள பல வருஷம் கழிச்சு மத்தவங்க திரும்ப கண்டுபிடிக்க வேண்டி வந்துச்சுன்னு சொன்னதும் இவர்தான். இது ஹிட்சிங்ஸ் பக்கத்து வார்த்தை, ஃபிஸ்கே பக்கத்து வார்த்தைய நான் படிச்சதில்ல. ஆனா ஒண்ணு கவனிங்க, பப்ளிஷ் ஆகாத வேலைய எந்த லிஸ்ட்டும் காட்டாது, ஒரு வரி ஏன் இல்லங்கறத லிஸ்ட்டுக்கு வெளிய இருக்கற ஒரு ஆளோட வாக்குமூலம்தான் சொல்லுது.

இப்ப 1940. லெடர்லே லேபரட்டரிஸ், மருந்து கம்பெனி, நியூயார்க் பக்கத்துல பேர்ல் ரிவர்ல. அங்க ஆராய்ச்சிக்கு தலைமை. இங்க இருந்து லிஸ்ட்டோட குணமே மாறுது, அதுக்கு நல்ல சாட்சி அந்த 1945 சயின்ஸ் பேப்பர், ஃபோலிக் ஆசிட் சிந்தசிஸ். மறைச்ச பேர்கள இப்பதான் பசங்களுக்கு திறந்து காமிச்சேன். ஆங்கியர், பூத், ஹட்சிங்ஸ், மோவாட், செம்ப், ஸ்டாக்ஸ்டாட், சுப்பாராவ், வாலர், அப்புறம் கோசுலிச், ஃபாரன்பாக், ஹல்ட்குவிஸ்ட், கூ, நார்தி, சீகர், சிக்கல்ஸ், ஸ்மித். போர்டுல இங்கிலீஷ் எழுத்துல எழுதிப் போட்டேன், ஏதாவது தெரியுதான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசல, அப்புறம் கும்பகோணத்து பையன் ஒருத்தன், "மேடம் ஏ, பி, எச், எம், எஸ்னு போயி டபிள்யூல முடிஞ்சு மறுபடி சி, எஃப், எச்னு ஆரம்பிக்குது, ரெண்டு டீமா?"ன்னான். அதேதான். முதல் எட்டு பேர் ஒரு அகரவரிசை, அடுத்த எட்டு பேர் இன்னொரு அகரவரிசை, ஒண்ணு லெடர்லே ஆளுங்க, இன்னொண்ணு அதே அமெரிக்கன் சயனமிட் கம்பெனியோட கால்கோ பிரிவு கெமிஸ்டுங்க. ஆராய்ச்சி டைரக்டர் ஏழாவதா வந்தது அவர் பேர் எஸ்ல ஆரம்பிக்கறதால. அவர் பேர் அப்பாராவா இருந்திருந்தா நம்ம ரூல்ல பாஸ்!

அந்த வரிசைய யார் முடிவு பண்ணாங்கன்னு பசங்க கேட்டாங்க. அவரே பெருந்தன்மையா பண்ணார்னு சொல்ல ஆசையாதான் இருக்கு, பேப்பர்ல அப்படி எதுவும் எழுதல, கம்பெனி வழக்கமா கூட இருக்கலாம். இன்னொரு சமாச்சாரமும் இருக்கு, சிந்தசிஸ் பண்ணிட்டோம்னு அறிவிச்சது 1945, ஸ்ட்ரக்சரோட முழு கதை வந்தது 1946 சயின்ஸ் பேப்பர்ல. கம்பெனி ஆராய்ச்சில எத எப்ப சொல்லணும்னு தீர்மானிக்கறது ஆத்தர் மட்டும் இல்ல.

ஃபோலிக் ஆசிட் இவர் ஒருத்தரோட கண்டுபிடிப்புன்னு ஃபார்வர்டு மெசேஜ்ல போடறாங்க, அது சரியில்ல. கர்ப்பிணி பெண்களுக்கு வர்ற ஒரு வகை ரத்த சோகைக்கு ஈஸ்ட்ல ஏதோ இருக்குன்னு பம்பாய்ல கண்டுபிடிச்சவங்க லூசி வில்ஸ், 1941ல ஸ்பினாச் கீரைல இருந்து பிரிச்சு அந்த பேர வெச்சவங்க மிட்சல், ஸ்னெல், வில்லியம்ஸ். லெடர்லே டீம் பண்ணது அத சுத்தமா எடுத்து, செயற்கையா செஞ்சு, டன் கணக்குல செய்யற வழிய திறந்து விட்டது. நம்ம ஊர் ப்ரைமரி ஹெல்த் சென்டர்ல கர்ப்பிணிகளுக்கு இரும்பு சத்து மாத்திரையோட சேத்து குடுக்கறாங்கல்ல, அந்த ஃபோலிக் ஆசிட் மலிவா கிடைக்கறதுக்கு வேர் அங்க இருக்கு. அவரோட கூடப்பிறந்தவர் ஸ்ப்ரூன்னு ஒரு குடல் வியாதில போனார், அந்த வியாதிக்கு ஃபோலிக் ஆசிட் மருந்து, அதனால அண்ணனுக்காகவே தேடுனார்னு ஒரு கதை ஓடுது. இருக்கலாம். ஆனா அது சினிமாவுக்கு நல்லா இருக்கும், கேஸ் ஸ்டடிக்கு ஆதாரம் வேணும்.

1947ல டிஇசி. இரண்டாம் உலகப்போர்ல பசிபிக் தீவுகளுக்கு போன அமெரிக்க சிப்பாய்களுக்கு ஃபைலேரியா, அதாவது யானைக்கால் வர வைக்கற புழு நோய் வந்துச்சு, அதனால மருந்து தேடற அவசரம். காட்டன் ரேட்னு ஒரு எலி இனத்துல புழு இருக்கும், அதுல ஒவ்வொரு கெமிக்கலா போட்டு பாத்தாங்க. ஹெவிட் முதல் ஆத்தர், சுப்பாராவ் கடைசி. இங்க அகரவரிசை இல்ல, கடைசி இடம்னா டிபார்ட்மென்ட் தலைன்னு இன்னிக்கு நாம படிப்போம். அதே வருஷம் போர்ட்டோ ரிக்கோல மனுஷங்களுக்கு குடுத்து பாத்த பேப்பர்ல ஹெவிட் இருக்கார், சுப்பாராவ் இல்ல. அந்த கும்பகோணத்து பையனோட பாட்டிக்கு யானைக்கால் இருந்துச்சாம், வருஷா வருஷம் வீடு தேடி வந்து குடுக்கற மாத்திரைய அவன் சின்ன வயசுல துப்பிட்டு ஓடுவானாம். அந்த மாத்திரை ரத்தத்துல ஓடற குட்டிப் புழுவ கொல்லும், கொசு மூலமா அடுத்தவங்களுக்கு பரவாம தடுக்கும், ஏற்கனவே வீங்குன கால பழையபடி ஆக்காது, அதான் பாட்டிக்கு அதுமேல நம்பிக்கையே இல்ல.

கடைசியா அமினோப்டெரின். இது லிஸ்ட்லயே இல்லாத வரி. ஃபோலிக் ஆசிட் மூலக்கூறுல நாலாவது இடத்துல இருக்கற ஆக்சிஜன எடுத்துட்டு அமினோ க்ரூப் வெச்சா, செல் அத ஃபோலிக் ஆசிட்னு நம்பி உள்ள விடும், உள்ள போயி டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் என்சைம அடைச்சுட்டு உக்காந்துக்கும், டிஎன்ஏவுக்கு வேண்டிய தைமிடின் வராது, டிஎன்ஏ உருவாகாது, வேகமா பிரியற செல் நின்னுடும். 1947ல இத செஞ்சு அறிவிச்ச பேப்பர் சீகர், ஸ்மித், ஹல்ட்குவிஸ்ட், மூணே பேர். பாஸ்டன்ல சிட்னி ஃபார்பர் இத லுகீமியா குழந்தைகளுக்கு குடுத்தார், 1948 ஜூன் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின், 16 குழந்தைகள்ல 10 பேருக்கு தற்காலிகமா முன்னேற்றம். ஃபார்பர், டயமண்ட், மெர்சர், சில்வெஸ்டர், வூல்ஃப், அஞ்சு ஆத்தர். சுப்பாராவ் பேர் பேப்பருக்கு உள்ள வருது, மேல ஆத்தர் வரில இல்ல. அந்த ஆகஸ்ட்ல அவர் போயிட்டார், 53 வயசு. அமினோப்டெரின்ல ஒரு மெத்தில் சேத்தா மெத்தோட்ரெக்சேட், இன்னிக்கு முடக்குவாதத்துக்கு வாரம் ஒரு தடவை போடறவங்க நம்ம தெருவுலயே ரெண்டு பேர் இருப்பாங்க.

அமினோப்டெரின் பேப்பர்ல அவர் பேர் இல்லாதத பாத்து பசங்களுக்கு கோவம், திருடிட்டாங்கன்னு ஒருத்தன் சொல்லிட்டான். நான் ஒத்துக்கல. சீகர் குழுதான் பாத்திரத்துல கைய விட்டு செஞ்சது, அவங்க பேர் இருக்கறது நியாயம். ஃபார்பர் குழு ஆஸ்பத்திரில குழந்தைங்க பக்கத்துல நின்னது, அதுவும் நியாயம். சுப்பாராவோட பங்கு எந்த மூலக்கூற செய்யலாம்னு வழி காமிச்சது, ஆள் சேத்தது, ஒரு லேப்ல வந்த பொருள இன்னொரு ஊர் டாக்டர்கிட்ட கொண்டு சேத்தது, இதுக்கு ஆத்தர் வரில ஒரு இடமே கிடையாது. 1925லயும் கிடையாது, இப்பவும் சரியா கிடையாது.

இத மத்தியானம் டீ குடிக்கறப்ப ஃபார்மகாலஜி ஹெச்ஓடி சார்கிட்ட சொன்னேன். அவர் சிரிச்சார். "ஏம்மா, முதல் மூணு பேருன்னு ரூல் ஏன் வந்துச்சுன்னு நினைக்கறீங்க? ஹெச்ஓடி எல்லாம் பசங்க தீசிஸ்ல ஓசில பேர் போட்டுக்கிட்டதாலதான். உங்க சுப்பாராவுக்காக ரூல தளர்த்துனா நாளைக்கு நூறு ஓசி ஆத்தர் உள்ள வருவான்." அவர் சொன்னதுல தப்பு இல்ல, நானே அப்படி பேர் போட்டுக்கற ஆளுங்கள பாத்திருக்கேன், ரூல் அவங்கள பிடிக்குது. ஆனா அவங்கள பிடிக்கற அதே வலைதான் 1945ல ஏழாவதா நிக்கறவரையும் வெளிய தள்ளுது, ரெண்டு பேரும் லிஸ்ட்ல ஒரே மாதிரிதான் தெரிவாங்க. வித்தியாசம் தெரியணும்னா பேப்பர திறந்து படிக்கணும், செலக்ஷன் கமிட்டில அதுக்கு யாருக்கு நேரம் இருக்குன்னு சார் கேட்டார், எனக்கு பதில் இல்ல.

டேட்டாபேஸ்ல தேடப்போறவங்களுக்கு ஒரு விஷயம், இவர் பேர் ஒட்டி, பிரிச்சு, நடுவுல பெரிய எழுத்து போட்டு, ராவ் ரோன்னு பல விதமா அச்சாகி இருக்கு, ஒரு ஸ்பெல்லிங் போட்டு தேடிட்டு இவ்வளவுதானான்னு முடிவு பண்ணிடாதீங்க.

அடுத்த சனிக்கிழமைக்கு ஆரியோமைசின் பேப்பர எடுக்கறோம். 1948, நியூயார்க் அகாடமி ஆஃப் சயின்சஸ் ஆண்டிதழ், ஒரே ஆத்தர், பெஞ்சமின் டகர், காலேஜ் வேலைல ரிட்டயர் ஆகி எழுபது வயசு வாக்குல லெடர்லேக்கு வந்த தாவரவியல்காரர், மிசூரி மண்ணுல இருந்து அந்த கிருமிய எடுத்தவர். ஒரே ஆத்தர்னா வேலையும் ஒரே ஆளோடதான்னு பசங்க எழுதிட்டு வரணும்னு சொல்லிருக்கேன், எம்எம்சி பொண்ணு இப்பவே அந்த மண்ண அனுப்புனது யாருன்னு தேட ஆரம்பிச்சுட்டா.